குனியாத பார்வை

ஆதம் ஊருக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், தெருவில் பார்த்தவர்களெல்லாம் மெஹர் பானுவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எத்தனை நாள் லீவு?"

"இனி போக மாட்டாவ. முடிச்சிட்டு வந்துட்டாவ" என்று அவள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பேத்தி எடுத்த பிறகு புதுப்பெண் மாதிரி என்ன இது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அவள் பிறந்து வளர்ந்தது கடையநல்லூரில். அவளைப் பெற்ற அத்தா அங்கே டீக்கடை நடத்தினார். தென்காசி மாப்பிள்ளை ஆதம், ரியாத்தில் டிரைவர் வேலை என்று சொல்லி நிக்காஹ் முடித்தார்கள். அதன் பிறகு மணவாழ்க்கை என்று அவளுக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகும் லீவுதான். அவர் வரும்போது வீடு நிறைய ஆள் இருக்கும். போகும்போதும் இருக்கும். நடுவில் மகள் சஃப்ரின் பிறந்தாள், படித்தாள், சென்னைக்குக் கல்யாணமாகிப் போனாள். மனை பார்த்தது, கொத்தனாரோடு மல்லுக்கட்டியது, கரண்ட் ஆபீசுக்கு அலைந்தது, மாமியாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது எல்லாம் மெஹர் ஒருத்திதான். வீட்டு முன்னறையில் ஒரு அலமாரி போட்டு நைட்டியும் உள்பாவாடையும் விற்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டு ஒன்றிரண்டு வாங்கிப் போவார்கள். வியாபாரத்தைவிடப் பேச்சுத்துணைதான் அவளுக்கு அதில் லாபம்.

அதனால்தான் அவர் மொத்தமாக வந்து சேர்ந்தபோது, இனி கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். வெளி வேலையை அவர் பார்த்துக்கொள்வார், மத்தியானம் ஒரு தூக்கம் போடலாம் என்றெல்லாம்.

வந்த மனுஷர் வேறு மாதிரி இருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தால் கழுத்து விறைத்தபடி நேராக வெறித்துக்கொண்டிருப்பார். கண் இமைப்பதுகூட அபூர்வம். சென்னையிலிருந்து பேத்தி வீடியோவில் வந்து "தாத்தா, தாத்தா" என்று கத்துவாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. சாப்பிடும்போது சட்டையெல்லாம் சோறு. பேச்சு குழறிக் கரகரவென்று வந்தது. இரண்டாவது தடவை என்னவென்று கேட்டால் பேசுவதை நிறுத்திவிடுவார். எழுந்திருப்பதும் ஒரு தினுசு. சட்டென்று துள்ளி எழுவார், அடுத்த நொடி தொப்பென்று நாற்காலியிலேயே விழுவார். குளியலறையில் ஒருநாள், கொல்லைப்பக்கம் துணி காய்கிற இடத்தில் ஒருநாள், வெட்டிய மரம் மாதிரி பின்பக்கமாகவே சாய்ந்தார்.

"வயசாகுதுல்லா" என்றார்கள் பக்கத்து வீட்டில். வயது அறுபதுகூட ஆகவில்லை.

சாயங்காலம் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவது மெஹருக்கு வழக்கமாயிற்று. அவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். இவள் கீழே தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை சொல்வாள். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் சொத்துத் தகராறு என்று அவர் இல்லாத வருஷங்களின் கதையெல்லாம் சொல்வாள். அவர் இவளைப் பார்க்கவே மாட்டார். இவள் தலைக்கு மேலே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லிச் சொல்லி ஒருநாள் அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

'அங்கேயே இருந்து பழகிட்டாவ. நம்மளப் பிடிக்கல போல' என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தது ஒரு பழக்கமாக இருந்தது, அதில் ஒரு பலமும் இருந்தது. காத்திருந்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எதற்காகக் காத்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலையில் சாரல் பிடித்ததும் சஃப்ரின் பிள்ளையோடு வந்தாள். எல்லோருமாகக் குற்றாலம் போகலாம் என்று ஆதமின் தம்பி முகம்மது சலீம் காரோடு வந்தார். சலீம் தென்காசியில் செல்போன் கடை வைத்திருப்பவர், அண்ணன்மேல் உயிர். ஐந்தருவியில் நல்ல கூட்டம். எண்ணெயும் ஈரமுமாகப் படிக்கட்டு வழுக்கியது. ஒரு பக்கம் சலீம், மறுபக்கம் சஃப்ரின் பிடித்துக்கொள்ள, ஆதம் இறங்கினார். ஒரு படி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. காலை வெறும் காற்றில் வைத்தார். அடுத்த கணம் இரண்டு பேர் கையிலிருந்தும் நழுவி மல்லாக்க விழுந்து, பின்மண்டை படியில் இடித்தது.

சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். ஆதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழறியது.

"காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துருதானுவ. பொம்பளை பிள்ளையளக் கூட்டிட்டு வேற" என்று துண்டு கட்டியிருந்த ஒருவர் சொன்னார்.

"ஏய், யாரப் பாத்துச் சொல்லுதே?" என்று சலீம் பாய்ந்தார். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் வந்து நடுவில் விலக்கிவிட்டு, "ரத்தம் வருது பாருங்க. மொதல்ல மேல கூட்டிட்டுப் போங்க" என்றார். நனைந்த துண்டைத் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தென்காசிக்கு வந்தார்கள். தையல் போட்டு, தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தக்கசிவு இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார் அங்கே இருந்த டாக்டர். ஆனால் அவரும் ஆதமின் நடையையும் முகத்தையும் பார்த்து யோசித்தார். பார்க்கின்சன் நோயாக இருக்கலாம் என்று சொல்லி ஒரு மாத்திரை தொடங்கினார்.

"நடுக்கு வாதம்னா கை நடுங்கும்லா? இவுகளுக்கு நடுங்கவே இல்லையே" என்றாள் மெஹர்.

"நடுக்கம் இல்லாமலும் வரும்மா. மாத்திரை போட்டுப் பாப்போம்."

குற்றாலத்தில் நடந்தது இவர்கள் வீடு திரும்பும் முன்பே கடையநல்லூர் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த ஆதமின் அக்கா ஷமீம் பானு மறுநாளே பஸ் ஏறி வந்தாள். தம்பியைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏட்டி மெஹரு, தப்பா நினைக்காத. அங்கன ரியாத்லயும் ரூமுக்குள்ள ஒளிச்சு வச்சு சாராயம் காய்ச்சுவானுவளாம். தனியா கெடந்த மனுஷன். உனக்கு ஏதும் தெரியுமா?"

"என்ன மதினி இப்படிக் கேக்கிய? அவுக அப்படிப்பட்ட ஆளா?"

"எனக்கும் தெரியும் என் தம்பிய. ஆனா ஊரு வாய மூட முடியுமா? நாக்கு குழறுதுல்லா."

மதினி போன பிறகு மெஹர் அடுப்பை அணைத்தாள். பிறகு உள்ளே போனாள். ஆதம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மெல்ல மூச்சை இழுத்தாள். மாத்திரை வாடைதான் இருந்தது. நிமிர்ந்தபோது அவர் கண் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் மெஹருக்கு இன்றைக்கும் ஒன்றோடொன்று குழம்பித்தான் வரும். மாத்திரையைக் கூட்டினார்கள். வாந்தி வந்தது. வாந்திக்கு ஒரு மாத்திரை. மறுபடி கூட்டினார்கள். நடையில் எள்ளளவும் மாற்றமில்லை. அவர் எந்த நேரம் துள்ளி எழுவார் என்று தெரியாததால் அவள் குளிப்பதுகூட ஓட்டமாகக் குளிக்க வேண்டியிருந்தது. நைட்டி வாங்க வந்தவர்கள் உள்ளே சத்தம் கேட்டு, "அப்புறம் வாரேன் மெஹரு" என்று எழுந்துபோனார்கள். வரவர வருவதையும் குறைத்துக்கொண்டார்கள். அலமாரியில் போன பெருநாளுக்கு எடுத்த சரக்கு அப்படியே கிடந்தது. பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு ஒருமுறை, ஓதிப் பார்க்கிறவரிடம் ஒருமுறை, செங்கோட்டை தாண்டி ஒரு வைத்தியரிடம் ஒருமுறை என்று மதினி கூட்டிப்போன இடத்துக்கெல்லாம் போனாள். முடியாது என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

சலீம்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். "மதினி, திருநெல்வேலியில இருந்து நரம்பு டாக்டரம்மா ஒருத்தவுக வாரத்துல ஒரு நாள் இங்க வந்து பாக்காவளாம். ஜாய்னு பேரு. கடைசியா இவுகள்ட்டயும் காட்டிருவோம்."

'கடைசியா' என்ற வார்த்தை மெஹருக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் ஜாய் நடுத்தர வயது. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் களைத்த முகம். ஆனால் அவசரப்படவில்லை. மாத்திரைச் சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஆதமையே கேட்டார். "அண்ணாச்சி, மொதல்ல எப்போ விழுந்தீங்க?"

ஆதம் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "ரியாத்ல. ரூம் மாடிப்படியில."

மெஹர் திரும்பிப் பார்த்தாள்.

"ஊருக்கு வாரதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி. ரெண்டு வருஷம் இருக்கும். வண்டிய வேற இடிச்சேன். பக்கத்துல நின்ன வண்டிய. ரெண்டு வாட்டி." அவர் மூச்சு வாங்கினார். "கம்பெனில... போயிரச் சொல்லிட்டான்."

முடித்துவிட்டு வந்தேன் என்று அவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று மெஹருக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. தனக்காக வந்தார் என்று நினைத்துத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், மறுபடி மூடினாள்.

டாக்டர் தன் விரலை ஆதமின் முகத்துக்கு முன்னால் நீட்டி, தலையை அசைக்காமல் விரலை மட்டும் பார்க்கச் சொன்னார். இடது பக்கம், வலது பக்கம் கண் போயிற்று. விரலைக் கீழே இறக்கியபோது கண் அசையவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். நெற்றி சுருங்கியதே தவிர பார்வை இறங்கவில்லை. பிறகு டாக்டர் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, விரலையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, தலையை மெல்ல அண்ணாக்கத் தூக்கினார். இப்போது கண் தானாகக் கீழே இறங்கியது.

"பாத்தீங்களாம்மா? கண்ணு நல்லாத்தான் இருக்கு. கீழ பாருன்னு அதுக்கு உத்தரவு போகிற இடத்துலதான் கோளாறு."

அடுத்து, மூன்று தடவை மட்டும் கை தட்டச் சொன்னார். ஆதம் தட்டத் தொடங்கினார். மூன்று முடிந்தும் நிறுத்த முடியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். சலீம் எழுந்துவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஆதமை நிற்கவைத்து, பின்னால் நின்று தோளைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார் டாக்டர். ஒரு அடிகூடப் பின்வைக்காமல் ஆதம் அப்படியே அவர் கைமேல் சாய்ந்தார்.

"எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுத்திருவோம்" என்றார் டாக்டர்.

"தலையில எடுத்தாச்சே டாக்டர். ஒண்ணும் இல்லைன்னு சொன்னாவளே" என்றார் சலீம்.

"அது அடிபட்டதுக்கு எடுத்தது. ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்க அது போதும். எனக்கு மூளையோட நடுப்பகுதி எப்படி இருக்குன்னு பாக்கணும். அதுக்கு எம்.ஆர்.ஐ. வேணும்."

ஸ்கேன் சென்டர் தென்காசியிலேயே இருந்தது. மெஷினை இயக்குகிற பெண்ணின் பெயர் எப்சிபா. ஆதமைப் படுக்கவைப்பதே பெரும்பாடாக இருந்தது. கழுத்து வளையாததால் தலை படுக்கையில் சரியாக உட்காரவில்லை. பின்கழுத்துக்கு மெத்தைத் துணி வைத்துச் சரிசெய்தாள். உள்ளே தள்ளி மெஷின் சத்தம் தொடங்கியதும் அவர் துள்ளி எழப் பார்த்தார். வெளியே எடுத்தார்கள். இரண்டாவது முறையும் அப்படியே.

"ஆடினா படம் கலங்கிரும்மா. நீங்க உள்ள இருக்கீங்களா? காலப் பிடிச்சுக்கிட்டா சில பேரு அமைதியா இருப்பாங்க. உடம்புல உள்ள நகை, ஊக்கு எல்லாத்தையும் கழட்டிருங்க."

மெஹர் வளையல், கம்மல், முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றினாள். கழுத்தில் கருகமணி இருந்தது. நிக்காஹ் அன்று கட்டியது. அதையும் கழற்றிச் சலீம் கையில் கொடுத்தாள். வெறுங்கழுத்தோடு உள்ளே போய் அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதில் பஞ்சு வைத்திருந்தும் சத்தம் மண்டையில் இறங்கியது. பவர்லூம் தறி ஓடுகிற வீட்டுக்குள் நிற்கிற மாதிரி, இடையில் யாரோ இரும்புக் கதவைத் தட்டுகிற மாதிரி. அவர் கால் விரல்கள் அவள் உள்ளங்கையில் ஒடுங்கின. அவள் அழுத்திப் பிடித்தாள். குளிரில் கை மரத்துப்போனது. எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்சிபா வந்து தோளைத் தொட்டு, "முடிஞ்சிட்டும்மா. நல்லா வந்திருக்கு" என்றபோது மெஹர் நின்றபடியே கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் ஜாய் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்துக் காட்டினார். முதலில் நன்றாக இருக்கிற வேறு ஒருவரின் மூளைப் படம். பிறகு ஆதமுடையது.

"தலைய நட்ட நடுவுல ரெண்டா வகுந்து, பக்கவாட்டுல பாக்கிற மாதிரி எடுத்தது இது. இங்கன பாருங்க. இதுதான் நடு மூளை. இதுல மேல் பக்கம் இப்படிப் புடைச்சிருக்கணும். அண்ணாச்சிக்கு அது வத்தித் தட்டையாயி, உள்வாங்கி இருக்கு. அதுக்குக் கீழ உள்ள பாகம் அவ்வளவா சுருங்கல. ரெண்டும் சேர்ந்து பாத்தா ஒரு குருவி மாதிரி தெரியும். தேன்சிட்டு பாத்திருக்கீங்கல்லா? சின்னத் தலை, நீள மூக்கு, குண்டு உடம்பு."

சொன்ன பிறகு மெஹரின் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பறவை. அழகாகக்கூட இருந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேல் கோபம் வந்தது.

"படத்த மட்டும் வச்சு நான் சொல்லல. பின்னாடி விழுறது, கண்ணு கீழ இறங்காதது, மாத்திரைக்குக் கேக்காதது, இந்தப் படம், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. பி.எஸ்.பி.ன்னு சொல்லுவோம். பார்க்கின்சனுக்குச் சொந்தக்காரன் மாதிரி, ஆனா வேற நோய். ஆரம்பத்துல ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். யாரு பாத்திருந்தாலும் அந்த மாத்திரையத்தான் குடுத்திருப்பாங்க."

"இதுக்கு மாத்திரை?" என்றார் சலீம்.

டாக்டர் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "குணமாக்கிற மருந்து இப்ப வரைக்கும் இல்ல. கூடிக்கிட்டேதான் போகும். விழாம பாத்துக்கணும், புரை ஏறாம பாத்துக்கணும். பிசியோதெரபி செய்யணும். நல்லா வச்சுக்கலாம்மா. சரியாக்க முடியாது."

சலீம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆதம் நேராக வெறித்தபடி இருந்தார். மெஹர்தான் கேட்டாள்.

"டாக்டர், அவுக சிரிக்கவே மாட்டேங்காவ. அதுவும் இதுனாலதானா?"

"இதுனாலதான். முகத்துத் தசை விறைச்சிருக்கு. மனசுக்குள்ள சிரிப்பாங்க. முகத்துக்கு வராது."

"நான் கீழ உக்காந்து பேசினா என்னப் பாக்க மாட்டாவ. சுவத்தப் பாப்பாவ."

"கீழ உக்காந்தா அவரால பாக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். "நேர் எதிர்ல, அவர் கண்ணு மட்டத்துக்கு நாற்காலி போட்டு உக்காருங்க. சாப்பாட்டுத் தட்டையும் உயரத்துல வைங்க. தட்டு தெரியாமத்தான் சிந்துது."

வெளியே வந்து காரில் ஏறும் முன் சலீம் மெதுவாகக் கேட்டார். "மதினி, நானும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரட்டுமா? எனக்கும் நேத்து படியில கால் தடுக்குச்சு." அவர் முகம் வெளுத்திருந்தது. மெஹர் உள்ளே திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இது பெரும்பாலும் குடும்பத்தில் வருகிற நோய் இல்லை, ஒன்றும் இல்லாதவர்கள் பயத்துக்காக எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சஃப்ரின் அன்று சாயங்காலம் போனில் அழுதுகொண்டே அதையே கேட்டாள். அவளுக்கும் அதே பதிலைச் சொன்னாள். எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் தனக்கு அழுகை வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். களைப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கே சாப்பாட்டு மேஜைமேல் ஒரு சின்ன அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் அவர் தட்டை வைத்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தட்டு அவர் நெஞ்சுக்கு மேலே வந்தது. அவர் தட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சோறு அதிகம் சிந்தவில்லை.

"ரியாத்ல விழுந்தத ஏங்க சொல்லல?" என்றாள்.

"பயம்." ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "நீ சந்தோசமா இருந்த. முடிச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னதும்."

அவள் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அவர்தான் மறுபடி தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். "அன்னிக்கு வாய மோந்து பாத்தியே."

மெஹர் கரண்டியைக் கீழே வைத்தாள். "மன்னிச்சிருங்க."

"எனக்கே சந்தேகம்" என்றார் அவர். "குடிக்காமலே குடிகாரன் ஆயிட்டனோன்னு."

அது கேலிப்பேச்சு என்று அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முகத்தில் எந்த அடையாளமும் இல்லை. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு, அவர் உள்ளே சிரிக்கிறார் என்று வைத்துக்கொண்டு, இவள் வெளியே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதன் பிறகு சில மாதங்கள் ஓரளவு நன்றாகப் போயின. பலனில்லாத மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். வாந்தி நின்றது. குளியலறையில் சலீம் பிடிமானக் கம்பி பொருத்தினார். பிசியோதெரபி செய்ய முத்துகுமரன் என்ற பையன் வந்துபோனான். கதையெல்லாம் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னாள். அவர் அவளையே பார்த்துக் கேட்டார். சில நாள் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி, "அவன் இப்ப எங்க?" என்று கேட்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரோடு இவ்வளவு பேசியது அந்த மாதங்களில்தான் என்று மெஹர் சொல்வாள்.

பிறகு குரல் போயிற்று. அடுத்து விழுங்குவது சிரமமாயிற்று. சோற்றைக் குழைத்து, தண்ணீரைக்கூடக் கூழ் மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் புரையேறி, அது நெஞ்சுச் சளியாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். அதற்கப்புறம் தன் காலால் நிற்கவில்லை. சஃப்ரின் மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வந்து, அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு அத்தாவோடு இருந்தாள். தூங்கச் சொன்ன நேரத்தில் மெஹருக்குத் தூக்கம் வராது. பக்கத்து அறையில் இருமல் கேட்கிறதா என்று காது அங்கேயே இருக்கும்.

ஷமீம் பானு மட்டும் ஓயவில்லை. கேரளாவில் யாரோ எண்ணெய் வைத்தியம் செய்கிறார்களாம், படுத்தவர்களையும் நடக்கவைத்துவிடுகிறார்களாம் என்று ஒருநாள் வந்து நின்றாள். வண்டிக்குக்கூடச் சொல்லியாயிற்றாம்.

"வேண்டாம் மதினி" என்றாள் மெஹர்.

"ஏட்டி, முயற்சி பண்ணாம விட்டுட்டோம்னு நாளைக்கு இருக்கக் கூடாதுல்லா?"

"மூளை வத்திருக்கத நான் கண்ணால பாத்துட்டேன் மதினி. டாக்டரம்மா காட்டினாவ. எண்ண போட்டா அது ஊறி வராது. மலைப்பாதையில இவுகளத் தூக்கிட்டு அலைய என்னால முடியாது. இவுகளாலயும் முடியாது."

மதினியிடம் அவள் இதுவரை இப்படிப் பேசியதில்லை. ஷமீம் பானுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மெஹருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

"உங்களுக்கு அவுகளுக்கு ஏதாவது செய்யணும்னு இருந்துச்சுன்னா, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வந்து மத்தியானச் சாப்பாடு மட்டும் ஊட்டிவிடுங்க. நான் சொல்லித்தாரேன். அது போதும் எனக்கு."

ஷமீம் பானு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள். கையில் இந்தத் தடவை எண்ணெயும் இல்லை, தாயத்தும் இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எப்படிக் குடுக்கணும், சொல்லு" என்றாள். தலையை எப்படிப் பிடிப்பது, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எவ்வளவு பொறுப்பது, தொண்டை ஏறி இறங்குவதை எப்படிப் பார்ப்பது என்று மெஹர் காட்டிக்கொடுத்தாள். முதல் நாள் ஷமீம் பானுவுக்கு ஒரு கிண்ணம் ஊட்டவே ஒரு மணி நேரம் பிடித்தது. ஊட்டி முடிப்பதற்குள் வியர்த்து ஒழுகிவிட்டது. "இதத்தான் நீ நாள் பூரா செய்யுதியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்கப்புறம் வைத்தியம் பற்றிப் பேசவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அவள் வருகிறாள். அந்த மத்தியானம் மெஹர் முன்னறைக் கதவைத் திறந்துவைத்து, அலமாரியைத் தூசி தட்டுகிறாள். சரக்கு கொஞ்சமாகத்தான் இருக்கிறது. தெருவில் போகிற பெண்களில் யாராவது வாசலில் நின்று, "எப்படி இருக்காவ?" என்று கேட்பார்கள்.

"இருக்காவ" என்பாள் மெஹர். பிறகு, வேண்டுமானால் பார்க்கட்டும் என்று இரண்டு நைட்டிகளை எடுத்து விரித்துப்போடுவாள்.